பொட்டலம் கட்டிய உரை

அந்தக் கட்டுரைக்கு என்ன தலைப்பு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எழுதியவர் பெயரும் தெரியாது. 1978 வாக்கில், கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் வறுத்த கடலை வாங்கியபோது கூம்பாகச் சுருட்டித் தந்த தாளில் அது வந்தது. கடலையை வழியிலேயே தின்று முடித்துவிட்டுத் தாளைப் பிரித்தேன். மேல்பக்கம் கிழிந்திருந்தது. நடுவில் ஒரு கறை. ஒருவர் தன் குடையைத் தொலைத்ததைச் சொல்லிக்கொண்டு போகிறார். மழைக்கென்று வாங்கிய குடை, வாங்கிய வருஷம் மழையே இல்லை, சரி, வெயிலுக்காவது ஆகட்டும் என்று பிடித்தார், ஊரார் சிரித்தார்கள். ஒருநாள் பஸ்ஸில் ஏறினார், இறங்கினார், பஸ் கிளம்பியது. கை லேசாக இருப்பது அப்போதுதான் உறைத்துத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். அதற்குக் கீழே தாள் இல்லை.

வீட்டில் வாசித்துக் காட்டினேன். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அதற்குமேல் பழக்கமில்லை. எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் வீட்டிலேயே நான் ஒருவன்தான். அப்பத்தாவுக்கு எழுத்தென்றால் சாமி. தாள் காலில் பட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். உப்பு மடித்து வந்த தாளாக இருந்தாலும், “என்னத்தப் போட்டிருக்கு, படி” என்று கேட்டு முடித்த பிறகே அடுப்புக்கு விடுவாள். குடைக் கட்டுரைக்கு அன்று நல்ல கூட்டம். சின்னம்மா பாதி உளுந்து புடைத்த முறத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

“அப்பறம்? கொடை கெடச்சுச்சா?”

“தாளு கிழிஞ்சிருக்கு சின்னம்மா.”

“கெடக்கட்டும். நீயே சொல்லு.”

சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஆனால் நான் கட்டுரை எழுத ஆரம்பித்தது அந்தத் திண்ணையில்தான் என்று சொன்னால் பொய்யாகாது. மறுநாள் வேறொரு முடிவு சொன்னேன். அதற்கும் தலையாட்டினார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொட்டலத்தில் கதை வந்தால் அது வதை. கதாநாயகி கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் கால் வைக்கும் இடத்தில் தாள் கிழிந்திருந்தால் அன்று தூக்கம் வராது. கட்டுரை அப்படியில்லை. எங்கே கிழித்தாலும் கிழித்த அளவுக்கு அதில் ஏதோ இருக்கிறது. ஒரு ஊர், ஒரு பண்டம், ஒரு மனிதர், அல்லது எழுதுகிறவருடைய குரல் மட்டுமாவது. தலையும் வாலும் போன பின்னும் உயிர் இருக்கும் எழுத்து வகை தமிழில் இது ஒன்றுதான் என்பது என் கட்சி. வறண்ட ஊரில் புத்தகம் வாங்க வழியில்லாத ஒரு பையன் கட்டுரை வாசகனாக ஆனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எடைக்கு வந்த இலக்கியம்

பொட்டலத் தாள் எங்கிருந்து வந்தது? தஞ்சாவூரிலும் புதுக்கோட்டையிலும் வாரப் பத்திரிகை வாங்கிய வீடுகளிலிருந்து. மாசக் கடைசியில் பழைய பேப்பர்காரர் தராசோடு வருவார். ஆனால் முழு இதழும் அவருக்குப் போகாது. தொடர்கதைப் பக்கங்களை வீட்டுப் பெண்கள் முன்பே பிரித்து எடுத்துவிடுவார்கள். அத்தியாயம் எல்லாம் சேர்ந்ததும் சணலால் தைத்து, காலிகோ ஒட்டி, பைண்டு செய்து அலமாரியில் ஏற்றுவார்கள். கல்கியின் தொடர்கள் மூன்று தலைமுறை கைமாறியதெல்லாம் இந்தப் பைண்டிங்கின் புண்ணியம். தொடர்கதை போன பின் இதழில் மிஞ்சுவது என்ன? கேள்வி பதில், துணுக்கு, லேகிய விளம்பரம், கட்டுரை. அதுதான் எடைக்குப் போனது. எங்கள் ஊருக்குக் கட்டுரையாக வந்தது தற்செயல் இல்லை; சலித்து எடுத்த பிறகு சல்லடையில் தங்கியது அது.

சொல்லே இதற்கு ஏற்றாற்போல் அமைந்திருக்கிறது. கட்டு, உரை. சிலப்பதிகாரத்தில் மதுரைக் காண்டத்தின் கடைசிக்கு ‘கட்டுரை காதை’ என்று பெயர்; மதுராபதித் தெய்வம் கண்ணகியின் முன் வந்து நடந்ததற்கு முன்கதை சொல்லும் இடம் அது. பொருள் பொதிந்து சொல்லும் சொல் என்று அறிஞர்கள் விளக்கம் தருகிறார்கள். எனக்கென்னவோ கட்டுரை என்றதும் கடைக்காரர் தாளை மடித்து, சணலை இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லால் வெட்டிக் கட்டுவதுதான் கண்ணில் வருகிறது.

முந்திரிக்குப் பின்னால் ஒரு ஊர்

கந்தர்வக்கோட்டை தஞ்சாவூர்–புதுக்கோட்டைச் சாலையில் இருக்கிறது. செம்மண், முந்திரி, தைல மரம், ஆழ்துளைக் கிணறு. ஜமீன் காலத்தில் தஞ்சாவூர் மாவட்டத்து ஊர். 1974இல் புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தபோது இந்தப் பக்கம் சேர்ந்தது. அதனால் எங்களுக்கு எப்போதும் இரண்டு பஸ். மருந்துக்கும் பாத்திரத்துக்கும் தஞ்சாவூர். கலெக்டர் ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் புதுக்கோட்டை.

புதுக்கோட்டை பஸ் ஏறினால் ஆதனக்கோட்டையில் முந்திரி வறுக்கும் வாசனை ஜன்னல் வழியாக வரும். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பெருங்களூர். 1922இல் அகிலன் பிறந்த ஊர். ரயில்வே அஞ்சல் பிரிவில் கடிதம் பிரித்துக்கொண்டிருந்தவர், ‘சித்திரப்பாவை’க்காக 1975ஆம் ஆண்டின் ஞானபீட விருதைப் பெற்றார், தமிழுக்கு முதல் ஞானபீடம். பஸ்ஸில் போகிறவர்கள் முந்திரி வாங்குவதற்கு எட்டிப் பார்ப்பார்கள். பெருங்களூருக்கு யாரும் எட்டிப் பார்த்து நான் கண்டதில்லை. எனக்கே காலேஜ் போன பிறகுதான் தெரியும்.

அதே 1922இல், இதே மாவட்டத்தின் தெற்கே இராயவரத்தில் அழ. வள்ளியப்பா பிறந்தார். பத்து வருஷத்துக்கு முன்னால் அதே இராயவரத்தில் பிறந்தவர் சக்தி வை. கோவிந்தன். 1939இல் ‘சக்தி’ இதழைத் தொடங்கி, பாரதியார் கவிதைகளை 1957இல் ஒன்றரை ரூபாய்க்கு விற்றுக் காட்டியவர். செட்டிநாட்டு ஊர் ஒன்றில் பிறந்து வட்டிக்கடைக்குப் போகாமல் அச்சுக்கூடத்துக்குப் போனவர்கள் இந்தப் பக்கம் எத்தனையோ பேர்.

புதுக்கோட்டை அப்போது சமஸ்தானம். 1948 மார்ச்சில்தான் இந்திய யூனியனோடு இணைந்தது. அந்தச் சின்ன ராஜ்ஜியத்தில் 1940களில் பத்திரிகைகள் கிளம்பிய வேகம் ஆச்சரியமானது. பதின்வயது தாண்டாத கண்ணதாசன் வந்து ‘திருமகள்’ இதழில் உட்கார்ந்தது இங்கேதான். முருகு சுப்பிரமணியன் 1947இல் ‘பொன்னி’யைத் தொடங்கி, பாரதிதாசன் பரம்பரை என்று இளம் கவிஞர்களை வரிசையாக அறிமுகப்படுத்தியதும் இங்கே. அந்தப் பழைய இதழ்களில் எத்தனை எங்கள் ஊர்க் கடலைக்குக் கூம்பாகியிருக்கும் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது. கூம்பானதால்தான் எனக்குக் கிடைத்தது என்பதையும் நினைத்துக்கொள்கிறேன்.

பேனா பேசுகிறது

பள்ளிக்கூடத்தில் கட்டுரை வேறு ஒரு பிராணி. முன்னுரை, உட்தலைப்பு மூன்று, மேற்கோள் இரண்டு, முடிவுரை. ‘நான் ஒரு பேனா பேசுகிறேன்’, ‘கிழிந்த சட்டை தன் கதை கூறுதல்’, ‘நான் முதலமைச்சரானால்’. நோட்ஸில் இருப்பதை இருபத்தைந்து பேர் ஒரே மாதிரி எழுதுவோம். இருபத்தைந்து பேனாவும் கடையில் பிறந்து, ஒரு நல்ல மாணவனிடம் சேர்ந்து, மை தீர்ந்து, பிறருக்கு உழைத்த திருப்தியில் உயிர் விடும். நான் ஒருமுறை பேனாவைப் பாதி வழியில் பஸ்ஸில் தொலைத்துவிட்டு அங்கேயே நிறுத்தினேன். முடிவுரை எங்கே என்று சிவப்பு மையில் கேள்வி வந்தது. அரை மதிப்பெண் போனது.

பேசும் பொருள் என்பது குழந்தை விளையாட்டு என்று அதன்பிறகு ஒதுக்கி வைத்திருந்தேன். பிறகு பாரதியின் ‘தராசு’ கையில் கிடைத்தது. சுதேசமித்திரனில் அவர் எழுதிய கட்டுரை வரிசை. ஒரு தராசு வைத்திருக்கிறார். வருகிறவர்கள் கேட்பதை அது நிறுத்துப் பதில் சொல்கிறது. அரசியல், வியாபாரம், பாஷை, பைத்தியக்காரத்தனம் எல்லாம் அதில் ஏறி இறங்குகின்றன. எனக்குத் தெரிந்த தராசு பழைய பேப்பர்காரருடையது. கட்டுரையைக் காகிதமாக நிறுத்தது. இங்கே தராசே கட்டுரை பேசுகிறது! பேனாவையும் சட்டையையும் பேசச் சொன்ன வாத்தியார்கள் இதை ஒரு பாட்டம் வகுப்பில் வாசித்திருந்தால் எங்கள் இருபத்தைந்து பேனாக்களில் ஒன்றாவது உருப்படியாகப் பேசியிருக்கும்.

வ.ரா.வைப் படித்ததும் அந்த வயதில்தான். தஞ்சாவூருக்கு அந்தப் பக்கம் திங்களூர்க்காரர். 1933இல் ‘மணிக்கொடி’யைத் தொடங்கியவர்களில் ஒருவர். தெருவில் நடமாடும் சாதாரண ஆட்களை அவர் எழுதியதற்கு நடைச்சித்திரம் என்று பெயர். அந்த எழுத்தை வாசித்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனால் எல்லோரும் கொஞ்சம் கூடுதல் வெளிச்சத்தில் தெரிந்தார்கள். உ.வே. சாமிநாதையர் கதை இன்னும் விசேஷம். சுவடி சுவடியாகத் தேடிப் பதிப்பித்தவர், எண்பதை நெருங்கும் வயதில்தான் கண்டதையும் கேட்டதையும் உரைநடையில் விரிவாக எழுதத் தொடங்கினார். ‘என் சரித்திரம்’ ஆனந்த விகடனில் 1940 முதல் வந்தது. 122 அத்தியாயங்களோடு நின்றது. 1942 ஏப்ரலில் அவர் போய்விட்டார். தமிழின் மிகப் பெரிய தன்வரலாற்றுக்கே வால் கிடையாது. முடிவுரை இல்லையென்று அவருக்கு யார் அரை மதிப்பெண் குறைத்தார்கள்?

சின்னம்மாவின் மனு

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு அறிவொளி வந்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், அறிவியல் இயக்கத்துக்காரர்கள், ஆயிரக்கணக்கான தொண்டர்கள். கல் உடைக்கும் இடம், களத்துமேடு, கோயில் வாசல் என்று எங்கே பெண்கள் கூடினாலும் ராத்திரி அங்கே வகுப்பு. எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள். லட்சம் பேருக்கு மேல் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996இல் வெளிவந்த தன் நூலில் எழுதினார். உலகமே சைக்கிளைப் பற்றிப் பேசியது. சரிதான், பாவாடை தாவணியோடும் சேலையோடும் சாலை நிறையப் பெண்கள் மிதித்துப் போனது கண்கொள்ளாக் காட்சி. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய காட்சி ஒன்று உண்டு.

சின்னம்மாவுக்கு அப்போது நாற்பதை நெருங்கும் வயது. சைக்கிள் வேண்டாம் என்றுவிட்டாள், “விழுந்தா எவன் சோறாக்குறது?” எழுத்து மட்டும் கற்றாள். ஆறேழு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது ஒரு தாளை நீட்டினாள். தெருக்குழாயில் தண்ணீர் வராததைப் பற்றிக் கலெக்டருக்கு மனு. ‘ஐயா அவர்களுக்கு’ என்று தொடங்க வேண்டும் என்று யாரோ சொல்லித் தந்திருக்கிறார்கள். கலெக்டர் அம்மா ஆயிற்றே என்று ‘ஐயா’வை அடித்து ‘ஆத்தா’ என்று போட்டிருந்தாள். அதற்குக் கீழே குழாயைப் பற்றி இரண்டே வரி. மிச்சமெல்லாம் குடம். எத்தனை மணிக்குக் குடத்தை வரிசையில் வைப்பது, யார் குடத்தை யார் நகர்த்துவது, பித்தளைக் குடத்துக்கு இருக்கும் மரியாதை பிளாஸ்டிக் குடத்துக்கு ஏன் இல்லை, வரிசையில் நிற்கும்போது எந்தெந்தக் குடும்பத்து ரகசியம் வெளியே வந்தது.

“இதெல்லாம் எதுக்கு சின்னம்மா? தண்ணி வரலன்னு மட்டும் எழுதினாப் போதாதா?”

“அது மட்டும் எழுதுனா, அவுகளுக்கு எப்புடித் தெரியும்?”

எனக்குப் பதில் வரவில்லை. அதுவரை நான் எழுதியிருந்த கட்டுரை ஒவ்வொன்றிலும் தண்ணீர் வரவில்லை என்று மட்டும்தான் இருந்தது. குடத்தை எழுத அவளிடமிருந்துதான் கற்றேன். மனு போய்ச் சேர்ந்ததா, தண்ணீர் வந்ததா என்றால் அது வேறு கதை. அடுத்த வருஷம் ஒரு குழாய் கூடுதலாக வந்தது, யார் எழுதி வந்தது என்பதில் தெருவில் இன்றும் சண்டை.

திருக்கோகர்ணத்து வீடு

கிழித்துப் போட்டதையும் எடைக்குப் போட்டதையும் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். எதையும் எடைக்குப் போடாத ஒரு வீடும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் ஞானாலயா. பள்ளி ஆசிரியராக இருந்த பா. கிருஷ்ணமூர்த்தியும், கல்லூரிப் பேராசிரியையான அவர் மனைவி டோரதியும் சம்பளத்தைப் புத்தகமாக மாற்றிக் கட்டிய நூலகம். 1959இல், அப்பா ஒப்படைத்த புத்தகங்களிலிருந்து அவருடைய சேகரிப்பு தொடங்கியது. இன்று ஒரு லட்சத்துக்கு மேல். முதல் பதிப்புகளும் பழைய இதழ்களும் அங்கே தனி வரிசை. முனைவர் பட்ட மாணவர்கள் சென்னையில் கிடைக்காததைத் தேடிப் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறுகிறார்கள்.

1959 என்றதும் எனக்கு இன்னொன்று ஞாபகம் வரும். அதே ஆண்டு ஜனவரியில்தான் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ தொடங்கினார். புத்தகங்களைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாக விற்றவர் அவர். ஒருவர் சுமந்துகொண்டு போய்க் கொடுத்தார். இன்னொருவர் ஒரே இடத்தில் இருந்து வாங்கி வைத்தார். இருவருக்கும் லாபம் இல்லை.

புதுக்கோட்டையிலிருந்து தெற்கே இறங்கினால் காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா சேர்த்து வைத்தவை, அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. அதே கோட்டையூரில் பிறந்தவர் ஏ.கே. செட்டியார். காந்தியைப் பற்றிப் படம் எடுக்க உலகம் சுற்றியவர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அவர் ‘குமரி மலர்’ ஆசிரியர். 1943இல் தொடங்கி ஆயுள் முழுக்க நடத்தினார். யாரும் தேடாத பழைய இதழ்களிலிருந்து கட்டுரைகளைப் பொறுக்கி எடுத்து மறுபடி அச்சிடுவார். தமிழ்நாட்டைப் பற்றிய பழைய பயணக் கட்டுரைகளை மட்டும் திரட்டித் தனித் தொகுப்பே போட்டார். ரயில் வந்த புதிதில் யாரோ ஒருவர் எந்த ஸ்டேஷனில் என்ன தின்றார் என்பது நமக்குத் தெரிகிறதென்றால் அவர் செய்த வேலை. பொட்டலக் கடைக்குப் போகும் வழியில் குறுக்கே நின்று பிடுங்கி வைத்துக்கொண்டவர் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 1948இல் மதராஸ் மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம்; இன்று ரூபாய்க்குப் பத்துப் பைசா. ரசீதில் அந்த வரியை நிறுத்திப் பார்த்தவர்கள் குறைவு. கிளை நூலகத்தில் வெள்ளிக்கிழமை வாரப் பத்திரிகை வரும். நாலு பேர் வரிசையில் உட்கார்ந்திருப்போம். முதலில் எடுப்பவர் தொடர்கதை படிப்பார், இரண்டாமவர் சினிமா. எனக்கு வரும்போது கட்டுரைதான் கசங்காமல் இருக்கும். வருஷம் ஆனதும் அந்த இதழ்களும் எடைக்குத்தான்.

இப்போது பொட்டலத் தாளே போய்விட்டது. அச்சிட்ட தாளில் தின்பண்டம் கட்டக் கூடாது, மசி உடம்புக்கு ஆகாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் அறிவுறுத்தியது. நியாயமான பேச்சு. முப்பது வருஷமாகப் பத்திரிகைகளுக்கு எழுதுகிறேன், என் கட்டுரை ஒருநாளாவது கடலையோடு வந்து சேருமா என்று ஒவ்வொரு கூம்பையும் பிரித்துப் பார்த்தவன் நான். வரவே இல்லை. இனி வராது.

ஆனால் குடை வந்தது. போன வருஷம் காரைக்குடிப் பக்கம் நண்பர் ஒருவர் வீட்டில் பரணை ஒழித்தார்கள். பைண்டு செய்த பழைய தொடர்கதை ஒன்று கிடைத்தது. புரட்டிக்கொண்டே போனேன். ஒரு அத்தியாயத்தின் கடைசித் தாள். முன்பக்கம் கதாநாயகன் கடிதம் எழுதுகிறான், பின்பக்கம் பஸ், குடை, கண்டக்டர். கதையைக் காப்பாற்றப் போய் முதுகில் ஒட்டிக்கொண்டு கட்டுரையும் தப்பியிருக்கிறது. தலைப்பும் பெயரும் இதற்கு முந்தைய தாளில் இருந்திருக்க வேண்டும். நின்றபடியே வாசித்தேன். குடை கிடைக்கவில்லை. கடைசிப் பத்தியில், ஒரு பொருளின் அருமை அது போன பிறகே விளங்கும் என்று நமக்கு எடுத்துரைத்து முடித்திருந்தார். நாற்பத்தைந்து வருஷத்துக்கும் மேல் காத்திருந்தது இதற்கா என்று இருந்தது. திண்ணையில் நான் சொன்ன முடிவுகளில் ஒன்றுகூட இவ்வளவு மோசமாக இருந்திருக்காது.

செல்போனில் படம் எடுத்துக்கொண்டு கந்தர்வக்கோட்டைக்குப் போனேன். சின்னம்மாவுக்கு எழுபதுக்கு மேலாகிறது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்தை விரலால் பெரிதாக்கி, தானே முழுதும் வாசித்தாள். உதடு அசைய, மெதுவாக. கடைசிப் பத்திக்கு வந்ததும் விரல் வேகமாகத் தள்ளிவிட்டது.

“ஏன்டா, டெப்போவுல போயிக் கேட்டாரான்னு போடலையே?”

“போடல சின்னம்மா.”

“கண்டக்டரு எடுத்து வச்சிருப்பாரு” என்றாள். “போயிக் கேட்டிருக்கணும்.”